தீபத்தன்று போட்ட பந்தல்

பாளையங்கோட்டை
10.8.1980

அன்புள்ள அத்தானுக்கு,

கனி எழுதுகிறேன். உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை இருந்ததால் பதில் எழுதவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. கோபம்தான் காரணம்.

நேற்று சாயங்காலம் கோயிலில் பெண்கள் சங்கக் கூட்டம். வெளியூர்களில் நற்செய்தி சொல்லும் ஊழியர்களுக்காக ஜெபிக்கும்படி படம் போட்ட அட்டைகள் வந்திருந்தன. ஆளுக்கு ஒரு கட்டு கொடுத்தார்கள். உங்கள் அட்டையும் இருந்தது. எனக்குப் பிடிக்காத அந்தக் கோடு போட்ட சட்டையில் நிற்கிறீர்கள். கீழே, 'சகோ. வேதமணி, திருவண்ணாமலை. தேவைகள்: ஆராதனைக்கு ஓர் இடம், ஆத்துமாக்கள், ஒரு சைக்கிள்' என்று அச்சடித்திருக்கிறது. மற்ற அட்டைகளில் எல்லாம் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமாக நிற்கிறார்கள். உங்கள் அட்டையில் நீங்களும் பின்னால் ஒரு மலையும். பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன் கனி, தேவைகளில் மனைவி என்று போடாமல் விட்டுவிட்டார்களே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் சிரிப்பு நின்றது.

போன வருஷம் கன்வென்ஷனின் கடைசி நாளை நான் மறக்கவில்லை. "முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார் பிரசங்கியார். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, யார் வீட்டுப் பிள்ளை எழுந்து நிற்கிறதோ என்று எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

ஆண்டவரிடம் சொன்னீர்கள். பந்தல் நிறைந்த ஜனங்களுக்குச் சொன்னீர்கள். எனக்கு மட்டும் வரும் வழியில் பஸ்ஸில் சொன்னீர்கள், அதுவும் நான் கேட்ட பிறகு. கூட்டுறவு வங்கி வேலையை விட்டதற்காக நான் அழவில்லை. உங்களுக்கு வந்த அழைப்பு பொய் என்றும் சொல்ல மாட்டேன், அப்படி நினைத்தால் எனக்குத்தான் பாவம். ஆனால் ஆறு மாதமாக ஒவ்வொரு கடிதத்திலும் 'எப்போது வருகிறாய்' என்று எழுதுகிறீர்கள். வர எனக்கு மனம் உண்டா என்று ஒரு வரி இல்லை. எனக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தினமும் உலை வைக்கும்போது ஊழியத்துக்கு என்று ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போடுகிறோம் அல்லவா? எங்கள் தெரு அரிசியெல்லாம் உங்கள் மிஷனெரி சங்கத்துக்குத்தான் போகிறது. நான் சமைத்துப் போடாவிட்டாலும் என் அரிசியில்தான் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். அந்த நினைப்பில் கொஞ்சம் ஆறுதல் அடைகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

கனி

* * *

வேங்கிக்கால், திருவண்ணாமலை
21.8.1980

கர்த்தருக்குள் பிரியமான கனிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததே பெரிய சந்தோஷம். திட்டியிருந்தாலும் நாலு பக்கம் திட்டியிருக்கிறாய்.

இங்கே ஊழியம் மெதுவாக நடக்கிறது. வீட்டு முன்னறையில்தான் ஞாயிறு ஆராதனை. எட்டுப் பேர் வருகிறார்கள், மழை வந்தால் ஐந்து. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக வேலை செய்யும் ஜோதியம்மாள் முதல் ஆளாக வந்து பாயை விரிப்பார். பாட்டில் எல்லாரையும் முந்திக்கொண்டு போய்விடுவார். சைக்கிள் கடை தருமன் கடைசி ஆளாக, கையில் கிரீஸோடு வருவான். அவன்தான் எனக்கு ஒரு பழைய சைக்கிளைச் சரிசெய்து கொடுத்திருக்கிறான். ஆகவே அட்டையில் ஒரு தேவையை அடித்துவிடலாம்.

இந்த ஊர்ப் பேச்சு இப்போதுதான் காதுக்குப் பழகுகிறது. முதல் மாதம் பால்காரி "இன்னா சாமி, எத்தினி வேணும்?" என்று கேட்டபோது என்மேல் கோபம் என்று நினைத்தேன். அவர்கள் அன்பாகப் பேசுவதே அப்படித்தான். நான் பேசுவதைக் கேட்டு அவர்களும் சிரிக்கிறார்கள், அதனால் சரிக்குச் சரியாகிவிட்டது.

இப்போது பெரிய செய்தி. நவம்பர் 21, 22, 23 மூன்று நாளும் நற்செய்திப் பெருவிழா வைக்கிறேன்! தெற்கேயிருந்து பெரிய பிரசங்கியார் ஒருவர் வர ஒத்துக்கொண்டுவிட்டார். மலையைச் சுற்றிப் போகிற பாதையில், அடி அண்ணாமலை பக்கம், இருசப்பன் என்ற விவசாயி மல்லாட்டை (நிலக்கடலைக்கு இங்கே அதுதான் பெயர்) எடுத்துவிட்டு நிலத்தைச் சும்மா போட்டிருக்கிறார். நம் சபைக்காரர் இல்லை. ஆனாலும் கேட்டவுடன், "நல்ல காரியந்தானே சாமி, தாராளமா போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டார். ஒலிபெருக்கிக்கு அருணகிரி சவுண்டு சர்வீசில் சொல்லி வைத்தாகிவிட்டது. நோட்டீஸும் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். தேதி எனக்கு ஜெபத்தில் கிடைத்தது. சுவரில் தொங்கும் நம் வசனக் காலண்டரில் பார்த்தேன், அந்த வாரம் காலியாகத்தான் இருந்தது.

நீ அந்த மூன்று நாளைக்காவது வா. பெண்கள் பக்கத்தில் பாட்டு நடத்த ஆள் இல்லை. ஜோதியம்மாளை நம்பிவிட்டால் எல்லாரும் மூச்சு வாங்குவோம்.

உன் அன்புள்ள
வேதமணி

* * *

பாளையங்கோட்டை
9.9.1980

அன்புள்ள அத்தானுக்கு,

பெருவிழாச் செய்தி கண்டேன். தேதி குறித்து, நிலம் பிடித்து, மைக் சொல்லி, நோட்டீஸ் அச்சுக்குக் கொடுத்து, எல்லாம் முடிந்த பிறகு எனக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. இதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். கன்வென்ஷனில்தான்.

நவம்பர் மழைமாதம். பந்தலுக்கு மேலே என்ன போடப் போகிறீர்கள்? வருகிறவர்களுக்குச் சாப்பாடு உண்டா? பெண்கள் ஒதுங்க இடம் உண்டா? உங்கள் சபையார் எட்டுப் பேரிடமாவது இந்தத் தேதி சரிப்படுமா என்று கேட்டீர்களா? இதற்கெல்லாம் ஜெபத்தில் பதில் கிடைத்திருந்தால் எனக்கும் எழுதுங்கள்.

நான் வரவில்லை. அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் லீவு கிடையாது. கிடைத்தாலும் வருவேனா என்று தெரியவில்லை.

இங்கே கோயில் செய்தி வேறொன்றும் விசேஷமில்லை. பாடகர் குழுவில் முதல் வரிசையில் யார் நிற்பது என்று இந்த வருஷமும் சண்டை. நம் குருவானவர் ஐயரவாள் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு ஜெபம் செய்து அனுப்பினார். வெளியே வந்ததும் வாசல்படியிலேயே மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் ஒதுங்கி நின்று சந்தோஷமாகப் பாடுகிறேன்.

கனி

* * *

வேங்கிக்கால்
8.11.1980

பிரியமான கனிக்கு,

இந்தக் கடிதத்தை உன் அம்மாவிடம் காட்டாதே.

இன்று காலை ஒலிபெருக்கியை உறுதிசெய்ய அருணகிரி கடைக்குப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னா தெகிரியம் சார் உங்களுக்கு! தீபத்துல கூட்டம் வெக்கறீங்களே" என்றார்.

"எந்தத் தீபம்?" என்று கேட்டேன்.

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். சிரிப்பு அடங்கின பிறகுதான் பேச முடிந்தது. கார்த்திகைத் தீபம், கனி. மலை உச்சியில் ஏற்றுவார்களே, அதே தீபம். என் பெருவிழாவின் மூன்று நாளுக்குள்ளேயே வருகிறது. "லட்சக்கணக்குல ஜனம் அந்தப் பாதையிலதான் சுத்தி வரும். மனுசன் நல்லா கணக்குப் போட்டுத்தான் எடம் புடிச்சிருக்காருனு பேசிக்கினோம்" என்று வேறு சொன்னார். இந்த ஊரில் பிறந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த நாள்!

வீட்டுக்கு வந்து வசனக் காலண்டரைப் பார்த்தேன். நவம்பர் 23க்கு நேரே 'திரித்துவத்துக்குப் பின் வரும் இருபத்தைந்தாம் ஞாயிறு' என்று மட்டும் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது. வேறொன்றும் இல்லை. நம் அச்சகத்தார் நம் பண்டிகைகளைத் தவிர வேறு எதையும் போடுவதில்லை. நானும் பிறந்ததிலிருந்து வேறு காலண்டரைப் பார்த்ததில்லை.

ஜோதியம்மாளைக் கூப்பிட்டு, "நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். அவர் விழித்தார். "ஐயாவுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சோம். தெரிஞ்சேதான், விசுவாசத்துல வெச்சிருக்காருனு நானும் தருமனும் ஒரு வாரமா உபவாசம் இருக்கோம்" என்றார். தருமனைப் பார்த்தேன். கன்னம் ஒட்டித்தான் போயிருந்தது. முதலில் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சோறு போட்டேன்.

நோட்டீஸ் பத்து கிராமத்துக்குப் போய்விட்டது. பிரசங்கியார் டிக்கெட் வாங்கிவிட்டார். பந்தல்காரர் மூங்கிலை இறக்கிவிட்டார். நிறுத்துவதா, நடத்துவதா என்று தெரியவில்லை. ஜெபித்துக்கொள்.

வேதமணி

* * *

பாளையங்கோட்டை
12.11.1980

அன்புள்ள அத்தானுக்கு,

அம்மாவிடம் காட்டிவிட்டேன். மன்னியுங்கள். நான் சிரித்த சத்தத்தில் அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டார்கள், காட்டாமல் முடியவில்லை. "ஏட்டி, மாப்பிள்ளைக்கு அங்க ஒரு வார்த்தை சொல்லுததுக்கு ஆளு இல்லியா?" என்று பாவப்பட்டார்கள். ஆள் இருக்கிறது, மாப்பிள்ளைதான் கேட்பதில்லை என்று சொன்னேன்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நம் வீட்டில் தொங்குவதும் அதே காலண்டர்தான். நான் அங்கே இருந்திருந்தாலும் எனக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தேதியை வைப்பதற்கு முன் அந்தப் பால்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்.

சிரித்து முடித்த பிறகு கவலை வந்துவிட்டது. நிறுத்துவதா நடத்துவதா என்று என்னிடம் கேட்டு என்ன பிரயோஜனம்? நான் அந்த மலையைப் பார்த்ததுகூட இல்லை. அந்த இருசப்பன் என்பவர் அங்கேயே இருக்கிறவர். அவருடைய நிலம், அவருடைய ஊர், அவருடைய திருவிழா. போய் அவரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால் என் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நீங்களும் பட்டினி கிடக்காதீர்கள். தினமும் ஜெபிக்கிறேன்.

கனி

* * *

வேங்கிக்கால்
26.11.1980

என் பிரியமான கனிக்கு,

உடம்பு முழுக்க வலி. தொண்டை போய்விட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகுகாலம் ஆகிறது. முதலிலிருந்து சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே பாதையில் ஜனம் நகர ஆரம்பித்துவிட்டது. பிரசங்கியார் வரவில்லை. விழுப்புரத்தில் பஸ்ஸில் கால் வைக்கக்கூட இடமில்லாமல் நின்றுவிட்டார் என்று பிறகு தெரிந்தது. சாயங்காலம் தூறல் போட்டது. அவ்வளவுதான், பாதையில் போனவர்கள் எல்லாரும் நம் பந்தலுக்குள் வந்துவிட்டார்கள். அட்டையில் ஆத்துமாக்கள் வேண்டும் என்று போட்டோமே, பந்தல் கொள்ளாமல் வந்துவிட்டன! நான் மேடையில் பிரசங்கக் குறிப்போடு நிற்கிறேன். என்னை நிமிர்ந்து பார்க்க ஓர் ஆள் இல்லை. புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள், ஈரப் புடவையைப் பிழிகிறார்கள், பிள்ளைகளுக்குத் தலை துவட்டுகிறார்கள். மைக்கைத் தட்டினேன். ஒரு குழந்தை பயந்து அழுதது.

அப்போதுதான் உன் கடிதம் நினைவுக்கு வந்தது. நாலு நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே இருசப்பனிடம் போகாமல் இருந்தேன். மேடையை விட்டு இறங்கிப் போய், "இப்போது என்ன செய்யலாம், சொல்லுங்கள்" என்றேன்.

"என்னையா கேக்கறீங்க?" என்றார். அவருக்கு ஆச்சரியம். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஜனத்துக்கு வேண்டியது ரெண்டுதான் சாமி. குடிக்கத் தண்ணி, கால நீட்ட எடம். எடம் நீங்க குடுத்துட்டீங்க. தண்ணி எங்கெணத்துல கீது. மோட்டாரப் போடட்டா?"

போடச் சொன்னேன். தருமன் எங்கிருந்தோ இரண்டு பீப்பாய் உருட்டிக்கொண்டு வந்தான். நம் எட்டுப் பேரும், இருசப்பன் வீட்டாரும், செம்பு, குவளை, போகணி என்று கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு வரிசையாக நின்றோம். நற்செய்தித் துண்டுப் பிரதிகளையும் கூடவே கொடுக்கலாமா என்று ஜோதியம்மாளிடம் கேட்டேன். பார், கேட்கப் பழகிவிட்டேன். "வாணாம் ஐயா. தாகத்துக்கு வந்தவங்க கையில காயிதத்தக் குடுத்தா, தண்ணிக்குப் பதிலு கேக்கற மாதிரி ஆயிடும்" என்றார். ஒரு பெஞ்சின்மேல் வைத்துவிட்டேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிலர் விசிறிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ்காரர் அழுகிற குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "உங்க மைக்குல ஒரு அறிவிப்பு குடுங்க சார், சத்தம் நல்லா கேக்குது" என்றார். கொடுத்தேன். தாய் ஓடி வந்தாள். அதோடு ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தொலைந்தவர்களையும் தேடுகிறவர்களையும் எல்லாரும் நம் பந்தலுக்கே அனுப்பினார்கள். தொலைந்துபோன ஆட்டைப் பற்றி நான் தயாரித்திருந்த பிரசங்கம் மடித்த மடிப்போடு பையிலேயே இருந்தது. இரண்டு நாளும் நான் மைக்கில் பேசியதெல்லாம் "எங்கிருந்தாலும் அடி அண்ணாமலை பந்தலுக்கு வரவும்" என்பதுதான்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த உண்ணாமலை என்ற அம்மாளைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். கூட்டத்தில் புருஷனைக் காணவில்லை. பெயர் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள், புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாளாம். "பேர் சொல்லாமல் எப்படி அம்மா கூப்பிடுவது?" என்று நான் தவிக்கிறேன். கடைசியில் குனிந்து தரையிலிருந்து ஒரு மண்கட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜோதியம்மாள்தான், "மண்ணாங்கட்டி, ஐயா! மண்ணாங்கட்டினு கூப்பிடுங்க!" என்று கத்தினார். கூப்பிட்டேன். பந்தலே சிரித்தது. மனிதர் மூச்சு வாங்க வந்து, "ஊரு பூரா எம் பேரக் கூவிட்டீங்களே சாமி" என்று சங்கடப்பட்டார். உண்ணாமலைக்கு அழுகை, சிரிப்பு இரண்டும் வந்துவிட்டன. போகும்போது என்னிடம் சொன்னாள்: "இந்தாளு எப்பவுமே முன்னாடி முன்னாடி நடந்து பூடுவாரு சாமி. பின்னால ஒருத்தி வராளானு திரும்பியே பாக்க மாட்டாரு."

அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

தீபம் ஏற்றுகிற நேரத்துக்கு எல்லாரும் எழுந்து மலையைப் பார்த்து நின்றார்கள். நான் மைக்கை அணைத்துவிட்டேன். உச்சியில் தீ தெரிந்ததும் ஒரே முழக்கம். என் விசுவாசம் கொஞ்சமும் குறையவில்லை, அதை உனக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அந்தப் பக்கம் கும்பிடவில்லை. ஆனால் அவர்களோடு மூன்று வேளை இருந்துவிட்ட பிறகு, அவர்களை நோட்டீஸ் கொடுக்க வேண்டிய கூட்டமாகப் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடி, எல்லாரும் பத்திரமாக வீடு சேர வேண்டும் என்று ஜெபித்தேன். அதற்குமேல் கேட்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரசங்கியார் கசங்கின ஜிப்பாவோடு வந்து சேர்ந்தார். காலியான பந்தலில் நம் எட்டுப் பேருக்கு முழு நீளப் பிரசங்கம் செய்தார். எட்டில் ஐந்து பேர் தூங்கிவிட்டோம். கடைசி வரிசையில் இருசப்பன் கையைக் கட்டிக்கொண்டு விழித்திருந்து கேட்டார். முடிந்ததும், "மோட்டார் கொட்டாய்க்குப் பக்கத்துல ஒரு கொட்டாய் சும்மாதான் கீது. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து பாடிக்கினு போங்க. எங்கூட்டு ஜனத்துக்கும் அந்தம்மா பாட்டு புடிச்சிருக்குது" என்றார். ஜோதியம்மாளின் பாட்டைத்தான் சொல்கிறார், கனி! ஆராதனைக்கு இடம் கிடைத்துவிட்டது.

உன் வேதமணி

* * *

பாளையங்கோட்டை
2.12.1980

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் பெண்கள் சங்கத்தில் வாசித்தேன். மண்ணாங்கட்டி வந்த இடத்தில் வாசிக்க முடியாமல் நிறுத்திவிட்டேன், கணக்கு டீச்சர்தான் வாங்கி முடித்தார். இந்த மாதம் சிலர் இரண்டு பிடி அரிசியாகப் போடுகிறார்கள். ஒரு பாட்டியம்மாள் மட்டும், "தண்ணி குடுத்தது சரி, பிரசங்கம் எங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். அதற்கும் ஒருநாள் வரட்டும் என்று சொன்னேன்.

உண்ணாமலை கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் அங்கே வாசிக்கவில்லை. அது எனக்கு எழுதியது. அதை நீங்கள் விடாமல் எழுதினீர்களே, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் அழுதேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் காதில் விழுந்தது. உங்கள் பிரசங்கியார் ஊருக்குத் திரும்பி, மூன்று நாள் பந்தல் போட்டு ஒரே ஒரு பிரசங்கம்தான் நடந்தது என்று உங்கள் மிஷனெரி சங்கத்தில் சொல்லியிருக்கிறாராம். கமிட்டியார் உங்களைப் பற்றிப் பேசினார்களாம். என்ன முடிவு என்று தெரியவில்லை. எதுவானாலும் தைரியமாக இருங்கள்.

பாடகர் குழு கிறிஸ்மஸ் ஒத்திகை தொடங்கிவிட்டது. முதல் வரிசைச் சண்டைக்காரர்கள் இருவருக்கும் தொண்டை கட்டிக்கொண்டதால் என்னை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்.

கனி

* * *

வேங்கிக்கால்
10.12.1980

பிரியமான கனிக்கு,

நீ கேள்விப்பட்டது சரி. சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. கோபமாக இல்லை, மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அனுபவம் போதாதாம். ஜனவரி முதல் பாளையங்கோட்டை அலுவலகத்திலேயே வேலை தருகிறார்களாம். கணக்குப் பார்ப்பது, ஜெப அட்டை அச்சடிப்பது போன்ற வேலைகள். உன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். விருப்பமில்லை என்றால் இங்கேயே ஜூன் வரை இருந்து பார்க்கலாம் என்றும் ஒரு வரி இருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார்கள்.

நான் பதில் எழுதவில்லை. 'என் மனைவியைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்' என்று ஒரு கார்டு மட்டும் போட்டிருக்கிறேன்.

என் மனதிலிருப்பதை மறைத்துக்கொண்டு உன்னைக் கேட்டால் அது கேட்டதாக ஆகாது. எனக்கு இங்கே இருக்க ஆசை. கொட்டாயில் இரண்டு ஞாயிறு ஆராதனை நடந்துவிட்டது. இருசப்பன் வீட்டிலிருந்து பிள்ளைகள் பாட்டுக் கேட்க வந்து வாசலில் உட்கார்கிறார்கள். வழியில் போகிறவர்கள், "தண்ணி சாமி, சௌக்கியமா?" என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது. ஆனால் நீ அங்கே வா என்று சொன்னால் ஜனவரியில் வந்துவிடுகிறேன். மனக்குறையோடு வர மாட்டேன். அதை ஜெபித்துத் தீர்த்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இன்னொன்று. மிஷன் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர் ஜனவரியில் பிரசவத்துக்குப் போகிறாராம், அந்த இடத்துக்கு ஆள் தேடுகிறார்களாம். உன்னிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், இழுப்பது போல் ஆகிவிடும். ஜோதியம்மாள் தினமும், "எழுதிட்டீங்களா, எழுதிட்டீங்களா" என்று என்னைத் துளைக்கிறார். எழுதிவிட்டேன்.

என்ன சொல்லட்டும், கனி? உனக்கு எது இஷ்டம்?

வேதமணி

* * *

பாளையங்கோட்டை
18.12.1980

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. உடனே பதில் எழுதவில்லை. இந்தத் தடவை கோபத்தினால் இல்லை. யாராவது என்னைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பது எனக்குப் புதிது, கொஞ்ச நாள் அதை அனுபவித்தேன். நீங்கள் அங்கே தினமும் தபால்காரரை எதிர்பார்த்து நின்றிருப்பீர்கள். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது, ஆண்டவர் மன்னிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வழக்கம்போல பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இங்கே வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். தினமும் நேரத்துக்கு வீட்டுக்கு வருவீர்கள், ஜெப அட்டைகளைக் கட்டுக்கட்டாக அடுக்குவீர்கள், மற்றவர்களுடைய மலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். குறை சொல்ல மாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். போன வருஷம் என்றால் நான் இதைத்தான் கேட்டிருப்பேன். இப்போது அந்தத் தண்ணிச் சாமியை ஒரு தடவை பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

ஆகவே என் பதில் இது. சங்கத்துக்கு ஜூன் வரை என்று எழுதுங்கள். நான் தலைமையாசிரியையிடம் பேசிவிட்டேன், சம்பளமில்லாத லீவு தருகிறார். ஜோதியம்மாள் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் இந்த உறையிலேயே இருக்கிறது, கொடுத்துவிடுங்கள். ஜூனில் இரண்டு பேருமாக உட்கார்ந்து பேசி, அடுத்தது என்ன என்று முடிவு செய்வோம். நான் வேண்டாம் என்றால் வேண்டாம், நீங்கள் வேண்டாம் என்றாலும் வேண்டாம். இது சம்மதமா?

அம்மா முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது, "அந்த ஊர்ல கருவாடு கெடைக்குமோ என்னமோ" என்று ஒரு மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிடியரிசிப் பானையையும் எடுத்து வருகிறேன். புதிய அட்டைக்குப் படம் எடுக்கும்போது அந்தக் கோடு போட்ட சட்டையைப் போட விட மாட்டேன். என்னையும் அந்த மலைக்கு முன்னால் நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள்.

கிறிஸ்மஸ் ஆராதனையில் பாடி முடித்துவிட்டு, 27ஆம் தேதி புறப்படுகிறேன். மறுநாள் காலையில் வந்துவிடுவேன். வழியில் யாரிடமும் கேட்காமல் விட மாட்டேன், ஆகவே நான் தொலைந்துபோக வழியில்லை. முன்பே ஒருவரிடம் கேட்டாகிவிட்டது, அன்றைக்கு அந்த ஊரில் திருவிழா எதுவும் கிடையாதாம்.

ஆனாலும் பஸ் நிலையத்தில் உங்களைக் காணவில்லை என்றால், அருணகிரியிடம் போய் மைக்கை வாங்கிவிடுவேன். உண்ணாமலையைப் போல் மண்கட்டியைக் காட்டிக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை இல்லை. ஊர் முழுக்கக் கேட்கும்படி வேதமணி, வேதமணி என்று பெயர் சொல்லியே கூப்பிடுவேன். எந்த மூலையில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து நில்லுங்கள். இந்தத் தடவை நான் கூப்பிடுகிறேன்.

உங்கள் கனி